மத்தும் ஓலைக் காற்றாடியும்

சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த வீடியோ யாராவது ஒருவர் வழியாக நம் போனுக்கு வந்து சேர்ந்துவிடும். மொட்டை மாடியிலோ நெடுஞ்சாலையின் நடுவிலோ, முறுக்கிவிட்ட வாழைப்பூ மாதிரி ஒரு சாதனம் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் சுற்றும், சத்தம் கிடையாது, இனி கரண்ட் பில்லே வராது என்று கீழே எழுத்து ஓடும். அனுப்பியவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருப்பார்: 'இதை ஏன் இத்தனை நாளா மறைச்சு வெச்சிருந்தாங்க?'

யாரும் மறைத்து வைக்கவில்லை. அந்தச் சாதனத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டு, நல்ல பணம் போட்டுக் கட்டப்பட்டு, ஓடி, உடைந்தும் போயிருக்கிறது. பிறகு ஏன் ஆரல்வாய்மொழியிலிருந்து ஐரோப்பாவின் வட கடல் வரை நாம் பார்ப்பதெல்லாம் கம்பத்தின் உச்சியில் மூன்று இறகோடு நிற்கும் அந்த ஒரே உருவமாக இருக்கிறது? 'அதுதான் திறமையானது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு செங்குத்தாக நிற்கிறது, சுற்றுவது அதைச் சுற்றி. இது செங்குத்து அச்சுக் காற்றாலை. பனையோலையில் செய்து, காற்றுக்கு எதிரே நீட்டிப் பிடித்தபடி குழந்தைகள் ஓடும் காற்றாடியை நினைத்துக்கொண்டால் அது கிடை அச்சு. மத்துக்குத் திசை தேவையில்லை. ஓலைக் காற்றாடியைக் காற்று வரும் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வித்தியாசம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளைவுகள்.

திரிகைக்கு மேலே ஒரு பாய்

மாவரைக்கும் காற்றாலைகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவை மத்து வகைதான். இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சீஸ்தான் பகுதியில் காற்று மாவரைக்கிறது என்று 10-ஆம் நூற்றாண்டில் அல்-மசூதி எழுதியிருக்கிறார். 644-இல் கலீஃபா உமரைக் கொன்ற பாரசீகர், அதற்குமுன் காற்றில் ஓடும் ஆலை கட்டித் தருவதாக அவரிடம் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்த கதை என்பதால் அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். ஈரானின் நஷ்திஃபான் ஊரில் மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய இத்தகைய ஆலைகள் வரிசையாக இன்றும் நிற்கின்றன.

இதில் மேதைமை எதுவும் தேவைப்படவில்லை. மாவரைக்கும் கல் ஏற்கெனவே படுத்துக்கிடக்கிறது, நம் வீட்டுத் திரிகை போல. அதன் அச்சு ஏற்கெனவே செங்குத்தாக இருக்கிறது. அந்த அச்சையே மேலே நீட்டி, அதில் மரப்பலகைகளைக் கட்டினால் வேலை முடிந்தது. பல்சக்கரம் வேண்டாம். ஒரே சிக்கல், காற்று இரண்டு பக்கப் பலகைகளையும் ஒரே மாதிரி தள்ளும். அப்போது எதுவும் சுற்றாது. அதனால் ஒரு பக்கத்தைச் சுவர் வைத்து மறைத்துவிட்டார்கள். அந்தச் சுவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு விடை ஊரிலேயே இருந்தது. சீஸ்தானில் கோடையில் ஏறக்குறைய 4 மாதம் வடக்கிலிருந்து விடாமல் ஒரு காற்று அடிக்கும். அதன் பெயரே '120 நாள் காற்று'.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்தத் திசைக் காற்றிலும் சுற்றும் என்று இன்று விளம்பரம் செய்யப்படும் குடும்பத்தின் மூத்த பிள்ளை, ஒரே ஒரு திசைக் காற்றுக்காகக் கட்டப்பட்டது.

இந்த வகைக்கு ஒரு கூரை உண்டு. காற்று பலகையைத் தள்ளுகிறது, பலகை நகர்கிறது. தள்ளப்படும் பலகை தள்ளும் காற்றைவிட வேகமாக ஒருநாளும் போக முடியாது. கணக்குப் போட்டால், காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் நகரும்போதுதான் அதிலிருந்து அதிகபட்ச சக்தி கிடைக்கும். மாவரைக்க அது போதும். வேறு வேலைக்குப் போதாது.

காற்று யாருடையது?

12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலும் வட பிரான்ஸிலும் முளைத்தவை கிடை அச்சு ஆலைகள். கனமான ஒரு மரத்தூண் மேல் மொத்த ஆலை வீட்டையும் நிறுத்தி, காற்று மாறும்போதெல்லாம் வீட்டையே தள்ளித் திருப்புவார்கள். பாரசீகத்தை ஒப்பிட்டால் இது வேண்டாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஊர்களில் ஏற்கெனவே நீராலைகள் இருந்தன. படுக்கை அச்சில் சுற்றும் நீர்ச்சக்கரத்திலிருந்து பல்சக்கரம் மூலம் கல்லைச் சுற்றும் வித்தை ரோமானியர் காலத்திலிருந்தே தெரியும். நீர்ச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பாய்களை மாட்டினார்கள் என்று சொன்னால் பெரிய தவறில்லை. அந்த ஊரின் காற்றும் சீஸ்தான் காற்று இல்லை. நாளுக்கு நான்கு பக்கம் மாறும்.

1191-இல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தனக்கென்று ஒரு காற்றாலை கட்டினார். ஊரின் அரவை வருமானம் மொத்தமும் மடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மடாதிபதி சாம்சன் கொதித்துப்போனார். காற்று எல்லாருக்கும் பொது, அதை எனக்கு மட்டும் மறுக்க முடியாது என்று ஹெர்பர்ட் வாதாடிப் பார்த்தார். மடாதிபதி மசியவில்லை. ஆட்கள் வந்து இடிப்பதற்குள் ஹெர்பர்ட் தானே ஆலையைப் பிரித்துவிட்டார். ஆறு நிலப்பிரபுவுடையது, காற்று அப்படியில்லை என்ற எண்ணம் அன்றைக்கே சிலருக்கு எவ்வளவு பயத்தைக் கொடுத்தது பாருங்கள்!

இந்த ஐரோப்பிய ஆலைகளின் பாய், காற்றின் திசையில் நகரவில்லை. காற்றுக்குக் குறுக்கே நகர்ந்தது. குறுக்கே நகரும் இறகுக்கு அந்த வேகக் கூரை கிடையாது. விமான இறக்கையைத் தூக்கும் அதே தூக்குவிசை இங்கே இறகைச் சுற்றுகிறது. இன்றைய மூன்று இறகுக் காற்றாலையின் இறகு நுனி, காற்றைப்போல 6 முதல் 8 மடங்கு வேகத்தில் பறக்கிறது. அன்றைக்கு யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. கை பழகியதைச் செய்தார்கள், சரியான பக்கம் போய் நின்றார்கள்.

பேயின் வேலை

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தபோது இரண்டு வடிவமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களத்தில் இறங்கின. 1887-இல் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், மேரிகர்க் என்ற ஊரில் இருந்த தன் விடுமுறை வீட்டில் காற்றாலை நட்டு, பேட்டரியில் மின்சாரம் சேர்த்து விளக்கேற்றினார். மிச்ச மின்சாரத்தில் தெருவிளக்கு போட்டுத் தருகிறேன் என்றார். அது பேயின் வேலை என்று ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பிளைத் பிறகு செம்மைப்படுத்தி, 1891-இல் காப்புரிமை வாங்கியது செங்குத்து அச்சு இயந்திரத்துக்கு.

அதே 1887-88 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் தன் பங்களாத் தோட்டத்தில் 17 மீட்டர் விட்டமுள்ள கிடை அச்சுக் காற்றாலையை நிறுத்தினார். 144 மர இறகுகள். கிடைத்தது 12 கிலோவாட்.

பிரஷின் அந்த 144 இறகுகள் எவ்வளவு வீண் என்று காட்டியவர் டென்மார்க்கின் பவுல் லா கூர். அஸ்கோவ் கிராமத்துப் பள்ளி ஆசிரியரான அவர், 1891-இலிருந்து சோதனைகள் செய்து, குறைவான இறகுகள் வேகமாகச் சுற்றுவதே மின்சாரத்துக்கு நல்லது என்று நிறுவினார். அதோடு நிற்காமல் கிராமத்துப் பையன்களுக்கு எலக்ட்ரீஷியன் வேலையும் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவர்களில் ஒருவர் யோஹன்னஸ் யூல். அவரிடம் பிறகு வருவோம்.

தாரியூவின் மத்து

1925-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் தாரியூ செய்தது உண்மையிலேயே அழகான காரியம். செங்குத்து அச்சுக்கும் அந்த வேகக் கூரையை உடைத்துக் காட்டினார். பலகையை எடுத்துவிட்டு விமான இறக்கை போன்ற மெல்லிய இறகை மாட்டினார். அது போதுமான வேகத்தில் சுற்றும்போது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இறகுக்கு அது ஏறக்குறைய முன்னாலிருந்து வருவது போலவே படும். தூக்குவிசை பிறந்து இறகை மேலும் முன்னால் இழுக்கும். ஸ்கிப்பிங் கயிறு சுற்றும்போது எடுக்கும் வளைவிலேயே இறகையும் வளைத்துவிட்டால், சுழற்சியின் வெளித்தள்ளல் இறகை வளைக்காது, கயிறு போல இழுத்து மட்டுமே பிடிக்கும். ஜெனரேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் தரையில். திருப்பும் பொறிமுறை தேவையே இல்லை.

1931-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அப்புறம் எண்ணெய் மலிவாக இருந்த காலம். காகிதம் அலமாரியில் தூங்கியது. 1960-களின் இறுதியில் கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் பீட்டர் சவுத், ராஜ் ரங்கி என்ற இருவர் இதையே மறுபடி கண்டுபிடித்தார்கள், தாரியூவைப் பற்றித் தெரியாமலே. 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் கனடாவும், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகமும் முழுமூச்சாக இறங்கின.

1977-இல் கனடாவின் மக்தலேன் தீவுகளில் சுமார் 230 கிலோவாட் தாரியூ காற்றாலை எழுந்தது. இந்த வகைக்கு ஒரு குணம் சொல்வார்கள்: தானாகக் கிளம்பாது, மோட்டார் வைத்துச் சுற்றிவிட வேண்டும். 1978 ஜூலையில் பராமரிப்புக்காக பிரேக்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். தானாகத்தான் கிளம்பாதே! அது தானாகக் கிளம்பியது. தடுக்க எதுவுமில்லாமல் வேகமெடுத்து, தன்னைத் தானே உடைத்துக்கொண்டது.

ஒரு சுற்றுக்கு ஒரு தலைகீழ்

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொள்ளும் ஒன்று உண்டு: சிக்கலை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஒரு நிரல் அதிசயமாகச் சுருங்கிவிட்டது என்றால், காணாமல் போன சிக்கல் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது நல்லது.

தாரியூவின் மத்தில் அது இறகுக்குள் ஒளிந்திருந்தது. இறகு காற்று வரும் பக்கம் இருக்கும்போது காற்று அதன் வெளிப்புறத்தில் அடிக்கிறது. அரைச் சுற்று போய் மறுபக்கம் வந்ததும் அதே காற்று அதன் உட்புறத்தில் அடிக்கிறது. மத்துக் கயிறு இப்படியும் அப்படியும் இழுபடுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் இறகின் மேல் விசை தலைகீழாகிறது. நிமிடத்துக்கு 50 சுற்று, வருடத்துக்கு 4,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1.2 கோடி தலைகீழ். 20 வருடத்துக்கு 24 கோடி. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா? அந்த உலோகச் சோர்வுதான். அன்றைய இறகுகள் அலுமினியத்தில் ஆனவை. எஃகுக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் பாதகமில்லை என்றொரு எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது.

கலிஃபோர்னியாவில் 1980-களின் வரிச்சலுகை அலையில் ஃப்ளோவிண்ட் நிறுவனம் 500-க்கும் மேற்பட்ட தாரியூ காற்றாலைகளை நட்டது. இன்றுவரை செங்குத்து அச்சின் பெரிய வணிக முயற்சி அதுதான். இறகுகள் சோர்ந்து விரிசல் விட்டன. 1997-இல் நிறுவனம் திவாலானது.

இதில் கிடை அச்சு புனிதர் இல்லை. அதன் இறகு மேலே போகும்போதும் கீழே வரும்போதும் தன் எடையாலேயே இரு பக்கமும் வளைகிறது. இறகு நீள நீள அந்தத் தொல்லை கூடும். 1941-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் நிறுவிய 1.25 மெகாவாட் காற்றாலை, 1945 மார்ச்சில் ஓர் இறகை வீசியெறிந்துவிட்டு நின்றுபோனது. ஆனால் காற்று அந்த இறகை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தள்ளுகிறது. அதன் சிக்கல்கள் தனித்தனிப் பாகங்களில் வசிக்கின்றன: திருப்பும் சக்கரம், இறகைத் திருகும் பேரிங், கியர்பாக்ஸ், பிரேக். கியர்பாக்ஸ் சரியில்லையா, அடுத்த மாடலில் கியர்பாக்ஸை மட்டும் மாற்றலாம். தாரியூவின் சிக்கலோ காற்றும் இறகும் மோதும் இடத்திலேயே இருந்தது. அதைத் தனியாகக் கழற்றிச் சரிசெய்ய முடியாது.

என் பார்வையில் இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவே தீர்ப்புச் சொன்னது இதுதான். திறன் அல்ல. பெட்ஸ் 1920-இல் காட்டிய 59.3 சதவீத உச்சவரம்பே இரண்டுக்கும் அளவுகோல். நல்ல தாரியூ 40 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது, நல்ல கிடை அச்சு 45-க்கு மேல் போகிறது. இந்த இடைவெளி ஒரு வடிவத்தையே கொல்லும் அளவு பெரிதில்லை.

டேனிஷ் பொறுமை

லா கூரின் மாணவர் யூலிடம் சொன்னபடி வருவோம். 1957-இல் டென்மார்க்கின் கெட்சர் என்ற இடத்தில் அவர் கட்டிய 200 கிலோவாட் காற்றாலைக்கு மூன்று இறகுகள், 24 மீட்டர் விட்டம். பெரிய பராமரிப்பு இல்லாமல் 1967 வரை ஓடியது. 1970-களில் நாசாவே அதை மறுபடி ஓட்டி அளக்க விரும்பியது.

அப்போது யூட்லாந்தில் விவசாய டிரெய்லரும் கிரேனும் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி காற்றாலை செய்து பார்க்கலாம் என்று நினைத்தது. பெயர் வெஸ்டாஸ். அவர்கள் முதலில் முயன்றது எது தெரியுமா? தாரியூவின் மத்து. சரிப்பட்டு வரவில்லை. அந்த நேரத்தில் கார்ல் எரிக் யோர்கன்சன் என்ற கொல்லரும், இருபதைத் தாண்டியிராத அல்லது தாண்டியிருந்த வயதில் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் சேர்ந்து மூன்று இறகு இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார்கள். 1979-இல் வெஸ்டாஸ் அதன் உரிமத்தை வாங்கியது. முதலில் விற்றது 30 கிலோவாட். பிறகு 55. உடைந்தது, திருத்தினார்கள், கொஞ்சம் பெரிதாக்கினார்கள், மறுபடி உடைந்தது. அந்த 55 கிலோவாட் இயந்திரங்கள் 1986-இல் தூத்துக்குடிக் கடலோரத்துக்கும் வந்தன. தமிழ்நாட்டின் காற்றாலைப் பண்ணைக் கதை அங்கே தொடங்குகிறது. இன்று அதே வெஸ்டாஸின் கடல் காற்றாலை 15 மெகாவாட், 236 மீட்டர் விட்டம்.

'அப்படியானால் கிடை அச்சு என்றாலே வெற்றிதானா' என்றால் இல்லை. ஜெர்மனி 1983-இல் ஒரே தாவலாக 3 மெகாவாட் கிடை அச்சு இயந்திரம் கட்டியது. குரோவியான் என்று பெயர். சில நூறு மணி நேரம் ஓடியது, 1988-இல் பிரித்துப் போட்டார்கள். அதே காலத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கேப்-ஷா என்ற ஊரில் எழுந்த எயோல், 110 மீட்டர் உயரமும் 3.8 மெகாவாட் திறனும் உள்ள தாரியூ. உலகின் மிகப் பெரிய செங்குத்து அச்சுக் காற்றாலை. 1988 முதல் 1993 வரை 5 வருடம் ஓடியது. நேருக்கு நேர் நிறுத்தினால் ஜெயித்தது மத்துதான்!

ஆனால் குரோவியான் தோற்றபோது கிடை அச்சுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சின்ன டேனிஷ் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எயோலுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. 1993-இல் அதன் அடி பேரிங் போனது. எல்லாமே தரையில் இருப்பதால் பராமரிப்பு சுலபம் என்பதுதான் இந்த வடிவத்தின் பெருமை. அந்த பேரிங்கும் தரையில்தான் இருந்தது, மொத்த மத்தின் எடையையும் தலையில் தாங்கிக்கொண்டு. அதை மாற்ற, மேலே உள்ள அத்தனையையும் தூக்க வேண்டும். யாரும் தூக்கவில்லை. 1990-களின் கடைசியில் அதே கேப்-ஷாவில் ஒவ்வொன்றும் 750 கிலோவாட் கிடை அச்சு இயந்திரங்கள் கும்பலாக வந்து நின்றன. எயோலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. சுற்றுலாப் பயணிகள் எயோலை அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள். மின்சாரம் மற்றவற்றிலிருந்து வருகிறது.

கடலில் ஒரு மறுபிறப்பு?

வழக்கு முடிந்துவிடவில்லை. ஆழ்கடலில் மிதக்கும் காற்றாலை வேண்டும் என்னும்போது, நூற்றுக்கணக்கான டன் எடையை உச்சியில் வைத்திருப்பது மிதவைக்கு ஆகாது. எடையைக் கீழே வைத்திருக்கும் மத்து அங்கே மறுபடி கவனம் பெறுகிறது. சுவீடனின் சீட்வர்ல் நிறுவனம் 2015-இலேயே 30 கிலோவாட் மிதவை ஒன்றைக் கடலில் இறக்கியது. கலிஃபோர்னியாவில் ஜான் தபிரி, எதிரெதிராகச் சுற்றும் செங்குத்து இயந்திரங்களை நெருக்கமாக நட்டால் ஒன்றை ஒன்று கெடுக்காமல் உதவிக்கொள்ளலாம் என்று 2011-இல் அளந்து காட்டினார். மீன் கூட்டம் நீந்துவதிலிருந்து அவருக்குக் கிடைத்த யோசனை அது. இறகுகளும் இப்போது அலுமினியம் இல்லை, கண்ணாடி நார், கார்பன் நார். பழைய காரணங்கள் எல்லாம் அப்படியே நீடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மொட்டை மாடி மட்டும் வேறு விஷயம். அங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இறகுகள் வாரும் பரப்பு 2 சதுர மீட்டர், காற்று நொடிக்கு 4 மீட்டர். அந்தக் காற்றில் மொத்தம் இருப்பதே சுமார் 77 வாட். 30 சதவீதம் பிடித்தால் 23 வாட். இரண்டு எல்இடி பல்பு எரியும். அச்சை எப்படி நிறுத்தினாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் காற்றின் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. திறந்தவெளியில் உயரத்தை இரட்டிப்பாக்கினால் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும், சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால்தான் அவ்வளவு சிரமப்பட்டு எல்லாவற்றையும் கம்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு நடுவே புகுந்து வரும் காற்றுக்காக சேமிப்பை எடுத்துப் போட நினைக்கும் நண்பருக்கு நாம் சொல்ல வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அடுத்தமுறை முப்பந்தல் வழியாகப் போகும்போது, மூன்று இறகுகளுக்குப் பின்னால் உள்ள பெட்டியின் கூரையைக் கவனித்துப் பாருங்கள். இத்தகைய பல காற்றாலைகளில் அங்கே காற்றின் வேகத்தை அளக்க மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். செங்குத்து அச்சில். எப்போது கிளம்ப வேண்டும், புயலில் எப்போது நிற்க வேண்டும் என்று அந்தப் பெரிய இயந்திரம் தெரிந்துகொள்வது அதைக் கேட்டுத்தான்.